குசினியைப் புதுப்பிக்கும்போது யாருடைய கண்ணால் பார்க்கிறோம்?

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது எமது ஊர்களில் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது வழமை. கடந்த சில வருடங்களாக அந்தப் பட்டியலில் 'பென்ட்ரி அடிப்பதும்' சேர்ந்துவிட்டது. கடைக்காரர் வந்து அளவெடுத்துச் செல்கிறார். இரண்டு நாளில் தொலைபேசிக்கு ஒரு படம் வருகிறது. வெள்ளைக் கபட், வெள்ளை மேடை, வெள்ளைச் சுவர், கண்ணாடி போல் மினுங்கும் தரை. இல்லாவிட்டால் எல்லாமே சாம்பல் நிறம். படத்தில் ஒரு பூச்சாடி இருக்கும். கறிச்சட்டி இருக்காது, கேஸ் சிலிண்டர் இருக்காது. சமைக்கிற ஆளும் இருக்கமாட்டார்.

பென்ட்ரி வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கடந்த வருடம் எமது குடும்பத்திலும் ஒரு குசினியைப் புதுப்பித்தோம். வெவ்வேறு நிறங்களையும் வெவ்வேறு பொருட்களையும் அருகருகே வைத்து, சொல்லிச் செய்வித்தோம். வந்து பார்ப்பவர்களில் சிலர் 'நல்ல டிசைன்' என்கிறார்கள். சிலர் 'ஏன் ஒன்றோடொன்று சேரவில்லை' என்று கேட்கிறார்கள். அந்தக் குசினியில் ஒரு நிறம் மாறும் இடத்திலும், ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. பெற்றோரை வைத்துப் பராமரிக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் அந்தக் காரணங்கள் பயன்படலாம்.

வீடு மருதமுனையில், என் கடைசித் தங்கையுடையது. எமது கிழக்கு மாகாண வழக்கப்படி பெண்பிள்ளைக்கென்று கட்டிக்கொடுத்தது. உம்மாவும் அங்கேதான் இருக்கிறார். 2004 சுனாமிக்குப் பின்னர் அவசரமாக எழும்பிய வீடு என்பதால், குசினிக்குக் கிடைத்தது கடைசியில் மிஞ்சிய இடமும் மிஞ்சிய சீமெந்தும்தான். பத்தடிக்கு ஒன்பதடி. ஒரேயொரு ஜன்னல். சீமெந்து மேடை, சீமெந்துத் தரை, புகையில் கறுத்த சுவர் என்று எல்லாமே ஒரே மங்கல் நிறம்.

உம்மாவுக்கு 68 வயது. இருபது வருடமாகச் சீனி வருத்தம். ஒரு கண்ணில் கட்டராக்ட் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. இரண்டு கண்களின் விழித்திரையிலும் நீரிழிவின் பாதிப்பு இருக்கிறது, லேசர் சிகிச்சையும் செய்தாயிற்று. ஆட்களின் முகத்தை அடையாளம் காண்பார், பத்திரிகைத் தலைப்புகளை வாசிப்பார். ஆனால் மாலை நேரத்தில் சாம்பல் நிற மேடை எங்கே முடிகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிவதில்லை. ஒரு நாள் சோறு வடித்துவிட்டுக் கஞ்சிப் பானையை மேடையில் வைத்தார். பானையின் பாதி மேடையில், பாதி வெளியில். கொதிக்கிற கஞ்சி காலில் கொட்டியது. நீரிழிவு உள்ளவருக்குக் காலில் புண் வந்தால் என்ன நடக்கும் என்பதை எமது வீடுகளில் விளக்கத் தேவையில்லை. ஆறுவதற்கு இரண்டரை மாதம் சென்றது.

உம்மாவை இனிக் குசினிக்குள் விடுவதில்லை என்று ஆண்கள் கூடி முடிவெடுத்தார்கள். அன்பினால் எடுத்த முடிவுதான். கட்டாரில் இருக்கும் நானா, 'உம்மா இனி இருந்து சாப்பிடட்டும்' என்று குரல் பதிவு அனுப்பினார். உம்மா ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "அடுப்படிக்குப் போகாட்டி இந்த வீட்டுல நான் ஆரு மகள்?"

இதற்குப் பிறகுதான், உம்மாவை மாற்றுவதா குசினியை மாற்றுவதா என்று பேச்சுத் திரும்பியது.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பார்வை என்றால் வைத்தியரின் எழுத்துப் பலகையில் எத்தனையாவது வரி வரை வாசிக்கிறோம் என்பதையே நாம் நினைக்கிறோம். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பொருட்களில் எது வெளிச்சம், எது இருட்டு என்று பிரித்தறிவது இன்னொரு திறன். கட்டராக்ட்டும் நீரிழிவு விழித்திரை நோயும் இந்த இரண்டாவது திறனைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும். நோய் எதுவும் இல்லாவிட்டாலும் வயது தன் வேலையைச் செய்யும். கண்மணி சுருங்குகிறது, கண் வில்லை மஞ்சளாகிறது. 60 வயதில் விழித்திரையைச் சென்றடையும் ஒளி, 20 வயதில் சென்றடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதே மின்குமிழின் கீழ் நின்றுகொண்டு 'இவ்வளவு வெளிச்சம் இருக்கிறதே, ஏன் தெரியவில்லை' என்று மகள் கேட்பதும், 'இருட்டாக் கிடக்கு' என்று தாய் சொல்வதும் இதனால்தான். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

வெளிச்சம் அதிகமான வெள்ளைக் குசினி இதற்குத் தீர்வு என்று தோன்றும். எமது உறவினர் ஒருவரின் வீட்டில் அப்படியொரு குசினி இருக்கிறது. உம்மாவை அங்கே அழைத்துச் சென்றோம். வெள்ளை மேடையில் வெள்ளைப் பீங்கானை வைக்கச் சொன்னால் அவர் முதலில் கையால் தடவினார். மேடைக்கும் கதவுக்கும் தரைக்கும் இடையில் எல்லை தெரியவில்லை. மினுங்கும் மேற்பரப்பில் மின்குமிழின் ஒளி பட்டுத் தெறித்துக் கண் கூசியது. கட்டராக்ட் உள்ளவர்களுக்கு இந்தக் கூச்சம் தனித் தொல்லை. பழைய குசினியில் எல்லாம் ஒரே இருட்டு, இங்கே எல்லாம் ஒரே வெளிச்சம். எல்லை தெரியாமல் போவது இரண்டிலும் ஒன்றுதான்.

கட்டடத் துறையில் இதை அளக்க ஒரு முறை இருக்கிறது. ஒரு மேற்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு 0 முதல் 100 வரை புள்ளி கொடுப்பார்கள். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. அருகருகே இருக்கும் இரண்டு மேற்பரப்புகளுக்கு இடையில் குறைந்தது 30 புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் பார்வை குறைந்தவர் எல்லையைப் பிரித்தறிவார் என்பது பிரித்தானியாவின் பி.எஸ். 8300 தரநிலை தரும் வழிகாட்டல். நல்ல பெயின்ட் கம்பனிகளின் நிற அட்டைகளில் இந்தப் புள்ளி அச்சிடப்பட்டிருக்கும். டைல்ஸ் கடையில் கேட்டால் தெரியாது என்பார்கள்.

தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கையில் தொலைபேசி இருந்தால் போதும். வாங்க நினைக்கும் டைல்ஸ் துண்டு, கல் துண்டு, கபட் பலகைத் துண்டு எல்லாவற்றையும் வெயில் நேராகப் படாத இடத்தில் ஒன்றாக வைத்துப் படம் பிடியுங்கள். பிறகு அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டு துண்டுகள் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், அவற்றின் நிறம் எதுவாக இருந்தாலும் மங்கிய கண்ணுக்கு அவை ஒன்றுதான். என் தங்கை ஆசைப்பட்டது மெரூன் நிறக் கபட், அதற்கு மேல் கரும்பச்சை டைல்ஸ். நேரில் பார்க்கும்போது இரண்டும் வானமும் பூமியும் போல வேறுபட்டவை. கறுப்பு வெள்ளைப் படத்தில் எது எதுவென்று அவளுக்கே சொல்ல முடியவில்லை. கடையில் அவளுக்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்ணும் தன் தொலைபேசியை எடுத்துச் சோதிக்கத் தொடங்கியதுதான் அன்றைய வேடிக்கை.

உம்மாவுக்கு இந்தப் புள்ளிக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. அவர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. மருதமுனைக் கைத்தறிச் சாரி என்றால் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். மங்கல் உடலுக்கு மங்கல் கரை போட்டால் சாரி எடுபடாது என்பது சின்ன வயதிலேயே அவருக்குக் கையோடு வந்த பாடம். துண்டுகளை அவருக்கு முன்னால் பரப்பியபோது, "உடம்பு எந்த நிறமெண்டாலும் வைங்க, கரை தெரியணும்" என்றார். பிறகு எமது குடும்ப வாட்ஸ்அப்பில் நடந்த வாதங்களை எல்லாம் முடித்து வைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

மேடைக்குக் கறுப்புக் கிரனைட் எடுத்தோம். காரணம், உம்மா கையாளும் பொருட்களில் பெரும்பாலானவை வெளிர் நிறம்: அரிசி, தேங்காய்ப்பூ, மா, வெள்ளைப் பீங்கான். கறுப்பின் மேல் அவை தெளிவாகத் தெரியும். கடைக்காரர் முதலில் காட்டியது கறுப்பில் பொன் புள்ளிகள் மின்னும் 'பிளக் கெலக்ஸி'. இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்தில் ஓங்கோலுக்கு அருகிலுள்ள சீமக்குர்த்தியில் வெட்டப்படும் கல். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் புள்ளிபோட்ட கல்லின் மேல் சிந்திய உப்பும் தெரியாது, உடைந்த கண்ணாடித் துணுக்கும் தெரியாது. புள்ளியில்லாத வெறும் கறுப்பைத் தேர்ந்தெடுத்தோம். அதையும் பொலிஷ் செய்யாமல், மினுக்கம் இல்லாத மெட் நிலையில் கேட்டோம். மெட் கறுப்பில் எண்ணெய்க் கை பட்டால் தடம் தெரியும், அடிக்கடி துடைக்க வேண்டும், கல்லில் கறை இறங்காமல் பூசும் திரவத்தையும் அவ்வப்போது பூச வேண்டும். கண் கூசாமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

மேடையின் முன்விளிம்பில் இரண்டு அங்குல அகலத்துக்கு வெளிர் நிறக் கிரனைட் பட்டி வைத்தோம். இதுதான் கரை. கல் வேலை செய்பவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கல்லை ஒட்டினால் பொருத்தில் அழுக்குச் சேரும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் பட்டியை மேற்பரப்போடு ஒரே மட்டமாக வைத்து, பொருத்தை இபொக்சியால் நிரப்பி, உராய்ந்து சமப்படுத்தச் சொன்னோம். விரலால் தடவினால் பொருத்துத் தட்டாது. கண்ணுக்கு மட்டும் பளிச்சென்று தெரியும். முன்மூலைகளைக் கூராக விடாமல் வளைத்தோம்.

மாபிள் வேண்டுமென்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாபிள் என்பது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ புளிக்கரைசலோ பட்டால் அந்த இடம் அரிக்கப்பட்டு மினுக்கம் போய்விடும். புளியில்லாமல் எமது மீன் ஆணம் இல்லை. வரவேற்பறை மேசைக்கு மாபிளை வைத்துக்கொள்ளலாம்.

குவாட்ஸ் என்று விற்கப்படும் செயற்கைக் கல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லோரும் அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். 90 சதவீதம் அளவுக்கு அரைத்த குவாட்ஸ் கல்லைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்வது. கறை பிடிக்காது, நிறம் சீராக இருக்கும். ஆனால் அந்தப் பிசின் சூடு தாங்காது. அடுப்பிலிருந்து இறக்கிய தாச்சியை நேராக வைத்தால் நிறம் மாறலாம், வெடிக்கவும் செய்யலாம். பார்வை குறைந்தவர் அவசரத்தில் தாச்சியைத் துணிமேல் வைப்பாரா கல்மேல் வைப்பாரா என்று நாம் காவல் இருக்க முடியாது.

இன்னொரு காரணம் கல்லை வாங்குபவரைப் பற்றியதல்ல, வெட்டுபவரைப் பற்றியது. இந்தக் கல்லை உலர்ந்த நிலையில் வெட்டும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற நோயை உண்டாக்கும். அதற்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இளம் தொழிலாளர்கள் பலர் பாதிக்கப்பட்டதால் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லின் உற்பத்தி, விநியோகம், பாவனை எல்லாவற்றையும் தடை செய்தது. கிரனைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. ஆகவே நாம் கிரனைட்டை எடுத்தோம் என்பதால் கை கழுவிவிட முடியாது. எமது ஊர்களில் கல் வெட்டும் பையன்களைப் பாருங்கள். வீட்டு முற்றத்தில் கிரைண்டரை வைத்து, முகத்தில் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு, வெள்ளைப் புகை மூட்டத்துக்குள் நிற்பார்கள். அந்தப் புகை அப்பாவியானதல்ல. தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டினால் தூசு பெருமளவு அடங்கும். 'ஈரமாக வெட்டுவீர்களா' என்று விலை பேசும்போதே கேட்டோம். நேரம் கூடும் என்றார்கள். ஒரு நாள் கூலி கூடுதலாகக் கொடுத்தோம். சால்வைக்குப் பதிலாகத் தூசு வடிக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுப்பதற்கு அதைவிடக் குறைந்த பணம்தான் சென்றது. பென்ட்ரிக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் நாம் இதில் கஞ்சத்தனம் காட்டுவதில் நியாயமில்லை.

கபட் விடயத்தில் ஒரே பொருளால் முழுவதையும் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்ததென்று எனக்குப் புரிவதில்லை. குசினியில் தண்ணீர் படும் இடம் வேறு, நெருப்புக்கு அருகில் உள்ள இடம் வேறு, உலர்ந்த இடம் வேறு. எம்.டி.எஃப். பலகைக்குத் தண்ணீர்தான் எதிரி. ஓரத்தில் ஒட்டிய பட்டி கழன்று ஒரு முறை நீர் உள்ளே போனால் பலகை பாண் போல ஊதிவிடும், பிறகு வற்றாது. சிங்கின் கீழே அதை வைக்கவே கூடாது. அங்கே நாம் அலுமினியச் சட்டம் போட்டோம். கறையான் தின்னாது, உக்காது. ஆனால் அலுமினியச் சட்டத்துக்கு இடையில் போடும் 'கிளாடிங்' தகட்டில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அது முழு அலுமினியம் அல்ல. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் பெரும்பாலும் பொலிஎதிலீன் பிளாஸ்டிக் இருக்கும். 2017இல் லண்டனில் 72 பேரின் உயிரைப் பறித்த கிரென்ஃபெல் மாடிக் கட்டடத் தீ அவ்வளவு வேகமாகப் பரவுவதற்கு வெளிச்சுவரில் இருந்த இந்த வகைத் தகடே முக்கிய காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. ஒரு கபட் கதவை மாடிக் கட்டடத்தோடு ஒப்பிடுவது அதிகம்தான். ஆனாலும் அடுப்பின் இரு பக்கமும் அந்தத் தகட்டை வைக்கவில்லை. அங்கே செங்கல் கட்டி டைல்ஸ் ஒட்டினோம்.

உலர்ந்த பக்கத்துக் கபட்டுக்கு மரக் கதவுகள். சுனாமிக்கு முந்திய வீட்டிலிருந்து தப்பிய இரண்டு தேக்கு ஜன்னல்கள் பின்வளவில் கிடந்தன. ஓடாவி அவற்றைச் சீவி ஐந்து கதவு எடுத்தார். ஒரு பழைய ஆணியில் அவருடைய சீவுளி பல்லுப் போனதற்கு அரை மணி நேரம் ஏசினார். எண்ணெய் மட்டும் பூசினோம், மினுங்கும் வார்னிஷ் வேண்டாம் என்றோம். தேக்கின் கபில நிறம் கறுப்பு மேடைக்கும் வெளிர் தரைக்கும் நடுவில் இருக்கிறது. அதன் கைபிடிகள் வெளிர் நிறம். அலுமினியக் கதவுகள் பால் வெள்ளை என்பதால் அவற்றின் கைபிடிகள் கறுப்பு. ஒரே குசினியில் இரண்டு வகைக் கைபிடி என்று கேலி செய்தவர்கள் உண்டு. உம்மா இப்போது கதவுகளைத் தடவித் தேடுவதில்லை.

கடற்கரை ஊர்களில் கறளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று கடைகளில் காட்டுவதை நம்ப வேண்டாம். மலிவான 202 தரத்திலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. சிங்க் 304 தரமா என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பிணைச்சல்களுக்கும் அதையே கேளுங்கள். 316 தரத்தில் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக் காற்றுக்கு இன்னும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், ஆனால் விலை அதிகம்.

தரைக்கு மினுக்கமில்லாத வெளிர் மணல் நிற டைல்ஸ் ஒட்டினோம். கறுப்பு மேடைக்குக் கீழே வெளிர் தரை இருப்பதால், மேலேயிருந்து பார்க்கும்போது மேடை, கரை, தரை மூன்றும் பிரிந்து தெரியும். சுவரும் வெளிர் நிறம். சுவரில் வெள்ளை சுவிட்சுகளுக்குப் பதிலாகக் கறுப்பு சுவிட்சுகள். அடுப்பு வாங்கும்போது எல்லோரும் கறுப்புக் கண்ணாடி மேற்பரப்பு உள்ளதையே விரும்பினார்கள். கறுப்புக் கல்லின் மேல் கறுப்பு அடுப்பு வைத்தால் அதுவரை செய்ததெல்லாம் வீண். ஸ்டீல் மேற்பரப்பும் கறுப்புத் திருகும் உள்ள சாதாரண அடுப்பு வாங்கினோம், விலையும் குறைவு. வெட்டுப் பலகை ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. வெங்காயத்துக்குக் கறுப்புப் பக்கம், தக்காளிக்கு வெள்ளைப் பக்கம். முழு வேலையிலும் மிக மலிவான பொருள் அதுதான், உம்மா அதிகம் பாராட்டியதும் அதைத்தான்.

மேடையின் உயரத்தைக் கடைக்காரர் 34 அங்குலம் என்று போட்டிருந்தார். அது எல்லோருக்கும் போடும் அளவு. நின்று வெட்டுபவரின் முழங்கையிலிருந்து நான்கு, ஐந்து அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உம்மாவின் உயரம் நாலடி பத்தங்குலம். அவர் வேலை செய்யும் பக்கத்தை 31 அங்குலமாக இறக்கி, தங்கை நிற்கும் சிங்க் பக்கத்தை 34இலேயே விட்டோம். உயரம் மாறும் இடத்திலும் அதே வெளிர் கல்லில் ஒரு கரை. மேல் அலுமாரிகளின் அடியில் எல்.ஈ.டி. பட்டி பூட்டினோம். கூரை மின்குமிழ் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெட்டும் பலகையில் விழுவது நம் நிழல்தான்.

குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவரை உடைத்துத் திறந்த குசினியாக்க வேண்டும் என்று கடைக்காரரின் படம் சொன்னது. வெளி ஆண்கள் வந்து ஸஹனில் இருந்து சாப்பிடும் வீட்டில் அது சரிவராது. பெண்கள் குசினிக்குள் தம் பாட்டில் இருக்க முடியாது. சுவரை வைத்துக்கொண்டு, தட்டுக் கொடுக்கும் அளவுக்கு ஒரு சாளரம் மட்டும் வெட்டினோம். பின்கதவுக்கு வெளியே பதினெட்டு அங்குல உயரத்தில் ஒரு சீமெந்துத் திண்ணையும் அதன் பக்கத்தில் ஒரு குழாயும் வடிகாலும் உண்டு. நோன்புக் கஞ்சிக் கிடாரம் ஏறுவதும், உழ்ஹிய்யா இறைச்சி பங்கிடுவதும், பெரிய மீன் கழுவுவதும் அங்கேதான். எந்தக் கடையின் படத்திலும் இது இருக்காது. நூறு பேருக்குச் சமைக்கும் நாளில் பென்ட்ரியைக் காப்பாற்றுவது இந்தத் திண்ணைதான்.

கேஸ் சிலிண்டர் மறைந்திருந்தால் அழகு என்று சிங்குக்குப் பக்கத்துக் கபட்டுக்குள் அடைத்துப் பூட்டுவது இப்போது பரவியிருக்கிறது. எமது சமையல் கேஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். மூடிய கபட்டுக்குள் தேங்கினால் ஒரு பொறி போதும். 2021 இறுதியில் நாடு முழுவதும் வீடுகளில் நடந்த கேஸ் வெடிப்புகள் எங்களுக்கு நினைவிருக்கிறது. எமது 12.5 கிலோ சிலிண்டர் வெளிச்சுவரோடு, நாற்புறமும் காற்றுப் போகும் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறது. குசினியின் உள்ளேயும் தரை மட்டத்தில் ஒரு காற்றுத் துவாரம் விட்டிருக்கிறோம். சுவர் மேலே எத்தனை துவாரம் இருந்தாலும் கேஸுக்கு அது உதவாது. பின்வளவில் விறகடுப்பும் அப்படியே இருக்கிறது. அதை இடித்துவிடலாம் என்று மேசன் சொன்னபோது தங்கைதான் மறுத்தாள். 2022இல் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றவர்களில் அவளும் ஒருத்தி.

செலவைப் பற்றி. கடைக்காரரின் முதல் மதிப்பீட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் வேலை முடிந்தது. மிச்சம் பிடித்தது மேல் அலுமாரிகளில். கூரை வரை அலுமாரி அடித்தால் படத்துக்கு நிறைவாக இருக்கும். கதிரை வைத்து ஏறாமல் உம்மாவுக்கும் எட்டாது, தங்கைக்கும் எட்டாது. எட்டாத அலுமாரியில் இருப்பது பெருநாளைக்கு வாங்கிப் பாவிக்காத பீங்கான்தான். தவணையில் கட்டலாம் என்ற கடையின் அழைப்பைத் தவிர்த்தோம். கூட்டிப் பார்த்தால் தவணைத் தொகை ரொக்க விலையைத் தாண்டியது. மாறாக வேலையை இரண்டாகப் பிரித்தோம். மேடையும் தரையும் நோன்புக்கு முன், மரக் கதவுகள் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின். நடுவில் நான்கு மாதம் கபட்டுகளுக்குச் சீலைத் திரைதான். அதைப் பார்த்து வெட்கப்பட்டது நாங்கள் மட்டும்தான், வந்தவர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

சில விடயங்கள் இன்னும் சரிவரவில்லை. மூலைக் கபட்டுக்குள் கை போகும், கண் போகாது. மசாலாப் போத்தல்களில் எழுதி ஒட்டிய பெயர்கள் ஆவியில் கழன்றுவிடுகின்றன. உம்மா மூடியைத் திறந்து மணந்து பார்த்தே எடுக்கிறார், அதில் அவருக்குப் பிழைப்பதில்லை. போன நோன்பில் ஸஹர் சோற்றை அவரே ஆக்கினார். யாரையும் எழுப்பவில்லை. கஞ்சி வடிப்பதை மட்டும் இன்னும் தங்கை செய்கிறாள். அது இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம்.

அடுத்தது குளியலறை. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கொமட், அதன் பக்கத்தில் வெள்ளை நிறக் கைபிடிக் கம்பி. துண்டுகளைப் படம் பிடிக்கும் வேலையைத் தங்கை இப்போதே தொடங்கிவிட்டாள். மேசன் அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.